வர்ணமும் ஒட்டும்: நோர்வூட் மோட்டார் சைக்கிள்களை முன்வைத்துச் சில சிந்தனைகள்

அட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை மஸ்கெலியாவுக்கும் அதற்கப்பால் சிவனொளிபாத மலையடிவாரத்துக்கும் செல்ல, மற்றைய கிளை பொகவந்தலாவையை நோக்கிச் செல்கின்றது. இச்சந்தியில் ஞாயிற்றுக்கிழமை காலைவேளையிற் சிறிது நேரம் நின்று பார்ப்போர் ஒரு மாற்றத்தை அவதானிக்கலாம். முன்னர் தோட்டத்து உத்தியோகத்தரிடமும் கடைக்காரரிடமும் பெரும்பாலும் காணப்பட்ட மோட்டார் சைக்கிள் இன்று தொழிலாளரின் பிள்ளைகளிடமும் காணப்படுகின்றது. கொழும்பின் கடைகளிலும் கட்டட வேலைத்தலங்களிலும் உழைத்து மிச்சம் பிடித்த பணத்துடன் லீசிங் கம்பனியின் கடனும் சேர்ந்து வாங்கப்பட்டவை அவை. அவற்றுட் பல, தொழிற்சாலையிலிருந்து வந்த நிறத்தில் இல்லை. சில புதிதாக வர்ணம் பூசப்பட்டவை. வேறு சில, பேச்சுவழக்கில் 'ஸ்டிக்கர்' என்று அழைக்கப்படும் வைனைல் படலத்தினாற் போர்த்தப்பட்டவை.

ஒரு மோட்டார் சைக்கிளின் தோற்றத்தை மாற்ற விரும்பும் இளைஞன் வர்ணம் பூசுவதா, படலம் ஒட்டுவதா என்ற கேள்வியை எதிர்நோக்குகின்றான். இது ஓர் ஆராய்ச்சி இதழின் பக்கங்களுக்கு உரிய விடயமா என்று சிலர் வினவக்கூடும். மலையக மக்களைப் பற்றிய ஆய்வுகள் குடியுரிமை, சம்பளம், லயன் வாழ்க்கை ஆகியவற்றையே பெரிதும் கவனத்திற்கொண்டுள்ளன. அது நியாயமானதே. ஆயினும், அம்மக்கள் தமது உழைப்பின் பயனை எப்பொருளிற் செலவிடுகின்றனர், அப்பொருளின் மீது அவர்களுக்குள்ள உரிமை எத்தகையது, அதனைச் செப்பனிடுவோரின் தொழில் நிலைமை யாது என்பன அந்தப் பெரிய வினாக்களிலிருந்து பிரிக்க முடியாதவை. அந்நோக்கிலேயே இரு முறைகளையும் ஒப்பிட்டு ஆராய இங்கு முற்படுகின்றோம்.

இரு முறைகளின் தோற்றம்

வாகனத்துக்கு நிறந்தீட்டும் தொழிலின் வரலாறு உலரும் நேரத்தைக் குறைப்பதற்கான போராட்டமே எனலாம். தொடக்ககால மோட்டார் வண்டிகளுக்குப் பூசப்பட்ட எண்ணெய் வர்ணங்களும் வார்னிசும் பூசி, உலர்த்தி, தேய்த்து முடிய வாரக்கணக்கிற் சென்றன. ஹென்றி போர்ட்டின் 'மொடல் ரி' வண்டி 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வெளிவந்தமை இத்தகைய உற்பத்திச் சிக்கல்களோடு தொடர்புடையது. 1923இல் அமெரிக்காவின் டூபொன்ட் கம்பனி 'டூக்கோ' என்ற நைத்திரோசெலுலோசு வர்ணத்தை அறிமுகப்படுத்தியது. விசிறித் தெளிக்கக்கூடியதும் மணித்தியாலங்களில் உலரக்கூடியதுமான இவ்வர்ணம் பல நிறங்களைச் சாதாரண வண்டிகளுக்கும் கொண்டுவந்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு கூறுகளைக் கலந்து பூசும் பொலியுரெத்தேன் வர்ணங்கள் பரவலாயின. பசை போன்ற கூறுடன் கடினமாக்கியைச் சேர்த்தவுடன் வேதியியற் பிணைப்பு ஏற்படுகின்றது. அதனால் பூச்சு கடினமானதும், பெற்றோலாற் கரையாததும், பளபளப்பை நீண்டகாலம் காப்பதுமாகின்றது.

வைனைல் படலத்தின் மூலப்பொருளான பொலிவைனைல் குளோரைட்டு 1872இலேயே ஜேர்மனிய வேதியியலாளர் ஒயிகன் பவுமன் என்பவரால் அவதானிக்கப்பட்டது. எனினும் தனித்த நிலையில் அது விறைப்பானது. 1926இல் அமெரிக்காவின் வால்டோ சீமன் அதனுடன் இளக்கிகளைச் சேர்த்து வளையக்கூடிய பொருளாக்கினார். அதன் பின்னரே அது மேலாடையாகவும் விரிப்பாகவும் உறையாகவும், ஈற்றில் வாகனத்தின் மீது ஒட்டும் படலமாகவும் மாறிற்று. ஒட்டுவதற்குரிய படலங்கள் இரு வகைப்படும். உருளைகளுக்கிடையே அழுத்தி நீட்டப்பட்டது ஒன்று. திரவநிலையில் வார்த்து உலர்த்தப்பட்டது மற்றையது. முன்னையது நீட்டப்பட்டதை மறப்பதில்லை. காலஞ் செல்ல அது தன் பழைய அளவுக்குச் சுருங்க முயல்கின்றது. பின்னையது மெல்லியதாயினும் உள்விசை குறைந்தது. வளைவுகளில் அமைந்து கிடக்கும். விலையும் கூடியது. சிறு நகரங்களின் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகையே.

இலங்கையில் இவ்விரு முறைகளுக்கும் கேள்வி கூடியமைக்கு அண்மைக்கால வரலாற்றுக் காரணமொன்றும் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. இவ்விடைக்காலத்திற் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை பன்மடங்கு ஏறியது. 2022இல் எரிபொருள் பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. புதியதை வாங்க வழியில்லாதபோது பழையதைப் புதிதாக்குவதே வழியாயிற்று.

வேலையின் தன்மை

வர்ணம் பூசும் வேலையிற் பெரும்பகுதி பூசுதல் அல்ல, தயார்படுத்தலே. பாகங்களைக் கழற்றுதல், துருவை நீக்குதல், நெளிவுகளைப் 'பட்டி' இட்டு நிரப்புதல், அரத்தாளினால் தண்ணீர்விட்டுத் தேய்த்தல், அடிப்பூச்சு இடுதல், மீண்டும் தேய்த்தல், நிறப்பூச்சைத் தெளித்தல், அதன்மேல் நிறமற்ற பளபளப்புப் பூச்சிடுதல் என்பன ஒழுங்காக நடைபெறவேண்டும். இவற்றுள் எதனைச் சுருக்கினாலும் குறை சில மாதங்களில் மேலே வந்துவிடும். பளபளக்கும் மேற்பூச்சு கீழேயுள்ள கீறலை மறைப்பதில்லை. மாறாக அதனைத் துலக்கமாக்குகின்றது. எனவே, வர்ணத்துக்குக் கொடுக்கும் பணத்திற் பெரும்பங்கு கைவேலைக்கே செல்கின்றது.

படலம் ஒட்டுவோரின் வேலை வேறுவகையானது. மேற்பரப்பைக் கழுவி, எண்ணெய்ப்பசை நீக்கி, படலத்தை அளந்து வெட்டி, வெப்பக்காற்றுத் துப்பாக்கியினால் இளக்கி, காற்றுக்குமிழி இல்லாதவாறு தேய்த்து ஒட்டுகின்றனர். வளைவுகளில் நீட்டிய இடங்களை ஏறத்தாழ 90 பாகை செல்சியசு வரை மீண்டும் சூடாக்கினாலன்றி அவை பின்னர் விலகும். வேலை ஒரு நாளில் முடியலாம். வண்டியைப் பல நாள் பிரிந்திருக்க வேண்டியதில்லை. விரும்பாதபோது உரித்துவிடலாம் என்பதும் இதன் சிறப்பு. எனினும் இங்குள்ள ஒரு தவறான எண்ணத்தைச் சுட்டிக்காட்டுதல் அவசியமாகும். பழுதான வர்ணத்தை மறைப்பதற்குப் படலமே மலிவான வழி எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் படலம் கீழேயுள்ள வர்ணத்தை நம்பியே நிற்கின்றது. உரிந்துகொண்டிருக்கும் வர்ணத்தின்மீது ஒட்டினால், படலம் கிளம்பும்போது அவ்வர்ணத்தையும் தன்னோடு கொண்டுவரும். துருவின்மீது ஒட்டினால், துரு கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

மோட்டார் சைக்கிளின் உருவமும் கவனிக்கத்தக்கது. கார், வான் போன்றவற்றின் அகன்ற கதவுகளிற் படலம் எளிதாக அமையும். மோட்டார் சைக்கிளிலோ இருபுறமும் வளைந்த பெற்றோல் தாங்கி, குறுகிய மட்காட், எண்ணற்ற விளிம்புகள் ஆகியனவே மிகுதி. விளிம்புகள் பெருகப் பெருகப் படலம் கிளம்பும் இடங்களும் பெருகும். பெற்றோல் நிரப்பும்போது மூடியைச் சுற்றிச் சிந்தும் துளிகள் படலத்தின் ஓரத்தினூடே புகுந்து பசையை இளக்குகின்றன. ஓட்டுபவரின் முழங்கால் தாங்கியின் பக்கங்களில் ஓயாது உராய்கின்றது. எஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் அண்மையிலுள்ள பகுதிகளிற் படலம் சூட்டினாற் சுருங்குகின்றது.

நோர்வூட்டின் காலநிலை

கொழும்பில் நன்றாக முடியும் வேலை நோர்வூட்டிலும் நன்றாக முடியும் என்பதற்கில்லை. ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டி அமைந்தது இந்நகர். இலங்கையின் மிக ஈரமான இடங்களுள் ஒன்றான வட்டவளை அயலிலேயே உள்ளது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஓயாத மழையைக் கொண்டுவருகின்றது; ஏனைய மாதங்களிலும் மாலையில் மூடுபனி இறங்குகின்றது.

வர்ணத்துக்கு இந்த ஈரமே பகையாகின்றது. தெளிக்கப்பட்ட வர்ணத்திலுள்ள தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பின் வெப்பத்தைக் கவர்கின்றது. குளிர்ந்த மேற்பரப்பிற் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிந்து பூச்சினுள் அகப்பட்டுக்கொள்கின்றது. நைத்திரோசெலுலோசு வர்ணத்தில் இது பால் படிந்தாற்போன்ற வெண்மையாகத் தோன்றும். பொலியுரெத்தேனிற் கடினமாக்கியானது வர்ணத்தோடு மட்டுமன்றி நீரோடும் தாக்கமுற்றுக் குமிழிகளை உண்டாக்கும். காற்றின் சாரீரப்பதன் 85 வீதத்தைத் தாண்டும்போது தெளிக்கலாகாது என்பதும், பூசப்படும் பரப்பின் வெப்பநிலை பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்கவேண்டும் என்பதும் தொழிலின் பொதுவிதிகள். மூடப்பட்ட, சூடேற்றப்பட்ட அறை உள்ள இடத்தில் இவ்விதிகளைப் பேணுதல் எளிது. தகரக் கூரையின் கீழே திறந்த கராஜில் வேலைசெய்பவர் வானத்தைப் பார்த்தே வேலைசெய்ய வேண்டியவராகின்றார். ஆதலால் இங்கு வர்ணத்துக்கு உகந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களின் முற்பகலே.

படலத்துக்கும் இக்காலநிலை முற்றிலும் சாதகமானதன்று. தை, மாசி மாதக் காலைக் குளிரிற் படலம் விறைத்துப் பசை பிடிக்கத் தயங்கும். உயரம் கூடக் கூட, 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 வீதம் என்ற அளவிற் சூரியனின் புறவூதாக் கதிர் வலுக்கின்றது. அது இளக்கியை இழக்கச் செய்து மலிவான படலத்தை வெடிக்க வைக்கின்றது. தோட்டத்துக் கல் பாதையிற் சில்லுகள் வாரியிறைக்கும் சேறும் பரலும் கீழ்ப்பகுதிகளிற் படலத்தைக் கிழிக்கின்றன. வார்க்கப்பட்ட நல்ல படலம் ஐந்தாண்டுகளுக்கு மேல் நிலைக்கலாம். அழுத்தி நீட்டப்பட்ட மலிவான படலமோ இரண்டு மூன்று ஆண்டுகளில் மங்கிச் சுருங்கும். ஒழுங்காகப் பூசப்பட்ட பொலியுரெத்தேன் வர்ணம் இவ்விரண்டையும் விட நீண்டகாலம் நிற்கும். தொழினுட்ப நோக்கில் மட்டும் பார்த்தால் வர்ணத்தின் பக்கமே தராசு தாழ்கின்றது.

உடைமையும் நிறமும்

அவ்வாறாயின் இளைஞர் பலர் ஏன் படலத்தை நாடுகின்றனர்? மலிவு, விரைவு, நாகரிக மோகம் என்பன காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. அவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றினும் அடிப்படையான காரணம் உடைமை பற்றியது என்பது நமது கருத்தாகும்.

கடனுக்கு வாங்கப்பட்ட மோட்டார் சைக்கிளை ஓட்டுபவர் அதன் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் மட்டுமே. முழுமையான உரிமையாளராகப் பதியப்படுவது கடன் கொடுத்த நிறுவனமாகும். இறுதித் தவணை செலுத்தப்படும் வரை இந்நிலையே நீடிக்கும். தவணை தவறினால் வண்டி கைமாறும். நிறமும் பதிவிலுள்ள விபரங்களுள் ஒன்றாகும். அதனை மாற்றுபவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டியவர். முழு வண்டியையும் வேறு நிறப் படலத்தாற் போர்த்தினாலும், வீதியில் மறிக்கும் பொலிசாரின் கண்ணுக்குத் தெரிவது பதிவிலில்லாத நிறமே. இந்நிலையிற் பெற்றோல் தாங்கியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு, தேவைப்பட்டால் உரித்துவிடலாம் என்று எண்ணுவதில் ஒரு நிதானம் உள்ளது. தனக்கு முழுமையாகச் சொந்தமில்லாத பொருளின்மீது அழிக்கமுடியாத அடையாளத்தை இடத் தயங்குபவனின் நிதானம் அது.

இத்தயக்கம் மலையக இளைஞனுக்குப் புதிதன்று. அவனுடைய பாட்டன் பிறந்த லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தமானது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அப்பாட்டனை நாடற்றவனாக்கியது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. இத்தனை கைமாற்றங்களிலும் லயனில் வாழ்ந்தவர் கையில் உறுதிப்பத்திரம் எதுவும் வந்து சேரவில்லை. 2017 மே 12ஆந் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்திற் பேசியபோது, முன்னர் ஒதுக்கப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்பது வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் மக்களுட் பெரும்பகுதியினர் இன்றும் லயன்களிலேயே வாழ்கின்றனர். இக்குடும்பங்களுட் பலவற்றில், அரச பதிவேடொன்றில் உறுப்பினர் ஒருவரின் பெயரோடு இணைத்துப் பதியப்பட்ட முதற் பெறுமதியான பொருள் மோட்டார் சைக்கிளாகவே இருத்தல் கூடும். அப்பொருளுக்குத் தான் விரும்பிய நிறத்தைக் கொடுக்க வேண்டும் என்ற வேட்கையை வெறும் ஆடம்பரம் எனத் தள்ளிவிடுவோர் இவ்வரலாற்றை மறந்தவராவர். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இலேயே நிறைவேறிய ஒரு சமூகத்தில், அந்த வேட்கைக்காகச் செலவிடப்படும் ஒவ்வொரு ரூபாவும் வீணாகாதிருக்க வேண்டும் என்பதே நமது கவலையாகும்.

செய்வோரின் நிலை

பொருளை வாங்குபவரைப் பற்றி மட்டும் பேசி, அதிற் கைவைத்து உழைப்பவரை மறந்துவிடுதல் ஆகாது. பொலியுரெத்தேன் வர்ணத்தின் கடினமாக்கியில் ஐசோசயனேற்றுக்கள் உள்ளன. தெளிக்கும்போது எழும் நுண்துளிப் புகாரைச் சுவாசிப்பவருக்குத் தொழில்சார் ஆஸ்துமா ஏற்படக்கூடும். கைத்தொழில் நாடுகளில் இந்நோயின் முதன்மையான காரணிகளுள் ஒன்றாக இது கணிக்கப்பட்டுள்ளது. ஒருமுறை உடல் ஒவ்வாமை அடைந்துவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவும் மூச்சுத்திணறலை உண்டாக்கும். அவர் அத்தொழிலையே கைவிட நேரும். மணத்தைக் கொண்டு இதனை அறிய முடியாது. முகத்திற் கட்டும் துணியோ சாதாரண முகமூடியோ இதனைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றை வழங்கும் முகமூடியே உரிய பாதுகாப்பு. லயன் வாசலிற் கொம்பிரசரை வைத்துத் தெளிக்கும்போது, பொதுச் சுவரின் மறுபுறத்தில் உறங்கும் குழந்தையும் அப்புகாரைச் சுவாசிக்கின்றது.

படலம் ஒட்டுவதில் இவ்வாபத்து இல்லை என்பதைத் திறந்த மனத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்கும் வேறு விலையுண்டு. உரித்தெறியப்படும் துண்டுகளை எரித்தால் ஐதரசன் குளோரைட்டும் நச்சுத்தன்மை மிக்க டயொக்சின்களும் வெளியேறும். ஓடையில் எறிந்தால் அவை கெஹெல்கமு ஓயாவிற் சேரும். அது களனி கங்கையின் தலைநீர். கொழும்பு மாநகர் குடிக்கும் நீரின் பெரும்பகுதி அக்கங்கையிலிருந்தே பெறப்படுகின்றது. வர்ணம் தேய்த்த கழிவுநீருக்கும் இது பொருந்தும்.

பொருளாதார நோக்கிற் பிறிதொரு வேறுபாட்டையும் காணலாம். இரு முறைகளுக்குமான மூலப்பொருள்களும் பெரிதும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. ஆயினும் படலத்திற் பணத்தின் பெரும்பங்கு பொருளுக்கும் அதனை அச்சிடும் இயந்திரத்துக்கும் சென்றுவிட, வர்ணத்திற் பெரும்பங்கு ஊரிலுள்ள கைவினைஞரிடமே தங்குகின்றது. தோட்ட வேலையை விட்டு வெளியேறிய இளைஞர் கற்றுக்கொண்ட சில நுண்தொழில்களுள் இதுவும் ஒன்று. அது அழிந்துபோகாமலும், கற்றவரின் நுரையீரலை அழிக்காமலும் இருப்பதற்கு வழி காணவேண்டும்.

தேர்வு

மேற்கூறியவற்றின் அடிப்படையிற் சில முடிவுகளுக்கு வரலாம். கடன் தீர்ந்த வண்டியாயின், பெற்றோல் தாங்கியையும் மட்காட்டையும் வறண்ட மாதங்களில், தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்து வர்ணம் பூசுவித்தலே சிறந்தது. நிறம் மாறினாற் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மூல நிறத்திலேயே புதுப்பித்தால் அச்சிரமமும் இல்லை. கடன் தீராத வண்டியாயின், மூல நிறத்தை மாற்றாமல், தட்டையான பக்க மூடிகளில் மட்டும் வார்க்கப்பட்ட நல்ல படலத்தை ஒட்டிக்கொள்ளலாம். கீழேயுள்ள வர்ணம் உறுதியாக இருப்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். துருப்பிடித்த பாகத்தை எக்காரணங்கொண்டும் படலத்தால் மூடலாகாது. குறைந்த பணமே உள்ளதெனில், முழு வண்டியையும் மலிவான படலத்தாற் போர்த்துவதிலும், தாங்கியை மட்டும் ஒழுங்காகப் பூசுவித்தல் நன்று. வேலையை ஒப்படைக்குமுன், எத்தனை பூச்சுக்கள், எவ்வகை வர்ணம், எவ்வகைப் படலம் என்று கேட்டறிவது வாங்குபவரின் உரிமையாகும்.

ஆனால் தனிமனிதரின் தேர்வோடு இவ்விடயம் முடிந்துவிடுவதில்லை. அட்டனிலுள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றில் இத்தொழில் அதன் வேதியியலோடும் பாதுகாப்பு முறைகளோடும் சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும். கராஜ்காரர் பலர் கூடி ஒரு மூடிய தெளிப்பறையையும் காற்று வழங்கும் முகமூடிகளையும் பொதுவிற் பெற்றுக்கொள்ளக் கூட்டுறவு அமைப்பொன்று உதவலாம். கழிவுகளைச் சேகரிக்கும் பொறுப்பை நோர்வூட் பிரதேச சபை ஏற்கவேண்டும். தனித்தனியே எவராலும் வாங்க முடியாததைக் கூடி வாங்குதல் தோட்டத் தொழிலாளர் அறியாத வழியன்று. அவர்களது தொழிற்சங்க வரலாறே அதற்குச் சான்று.

உரித்துவிடக்கூடிய நிறத்தை ஓர் இளைஞன் தெரிவுசெய்வது, அது தனக்குப் பிடித்திருப்பதாலாயின் அதிற் பிழையொன்றுமில்லை. தான் இருக்கும் வீடும் ஓட்டும் வண்டியும் நாளை தன்னுடையனவாக இருக்குமா என்ற ஐயத்தினாலேயே அதனைத் தெரிவுசெய்கின்றானாயின், அந்த ஐயத்தை நீக்கும் பொறுப்பு நம் அனைவருக்கும் உரியதாகும்.